படுக்கையருகே விளையாட்டு: மருத்துவமனைக் களப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களுக்கு

மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைகளோடு விளையாடி, அவர்களைச் சிகிச்சைக்கு ஆயத்தப்படுத்தும் பணிக்கான களப்பயிற்சி விண்ணப்பங்கள் பலவும் "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்ற வரியில்தான் தொடங்குகின்றன. அந்த வரியைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பொய் ஏதும் இல்லை; ஆனால் அதை வைத்து உங்களைப் பற்றி எதையும் தீர்மானிக்க முடியாது. விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுவது வேறு. ஒரு குழந்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது நீங்கள் எதைக் கவனித்தீர்கள், என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதைத்தான் அவர் அறிய விரும்புவார். ஆகவே மழலையர் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ நீங்கள் தொண்டாற்றிய மணிக்கணக்கை அடுக்குவதைவிட, அங்கே நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை, உங்களுக்குக் கைகூடாமல் போனதாக இருந்தாலும், முழுமையாக எழுதுவது நல்லது.

இந்தப் பணிக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள். பிரிட்டனில் ஹெல்த் ப்ளே ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள். வட அமெரிக்காவில் சான்றிதழ் பெற இளங்கலைப் பட்டமும், குழந்தை வளர்ச்சி போன்ற குறிப்பிட்ட பாடங்களும், சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணி நேரப் பயிற்சியும், இறுதியில் ஒரு தேர்வும் வேண்டும். நேர்காணலுக்குச் செல்லும் முன் இத்துறையின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே வந்து பார்க்கலாம் என்பதுதான் ஒரு காலத்தில் மருத்துவமனைகளின் வழக்கம். மருத்துவமனைகளில் குழந்தைகளின் நலன் பற்றி பிரிட்டனில் 1959-இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1955-இல், எம்மா பிளாங்க் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில் நோயுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு அறிவித்தது.

இடம் கிடைத்துவிட்டால், தடுப்பூசிச் சான்றுகளும் அடையாள அட்டையும் மருத்துவமனையே கேட்டு வாங்கிக்கொள்ளும் காரியங்கள். அவற்றை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது முதல் இரண்டு வாரங்களில் சும்மா இருப்பதுதான். விளையாட வந்தவரை ஓரமாக உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லும்போது மனம் துடிக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். வெள்ளைக் கோட் அணிந்த மருத்துவரைக் கண்டதும் எந்தக் குழந்தை போர்வைக்குள் போகிறது, செவிலியர் வந்ததும் எது கையைப் பின்னால் மறைக்கிறது, அம்மா வெளியே சென்றதும் அழுகிற குழந்தை எது, அழுகையை நிறுத்திவிடுகிற குழந்தை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழாமல் அமைதியாகப் படுத்திருக்கும் குழந்தையை "நல்ல பிள்ளை" என்று வார்டே பாராட்டும். எனக்கென்னவோ, அந்தக் குழந்தையைத்தான் முதலில் கவனிக்கத் தோன்றும்.

ஓர் அறைக்குள் நுழையும் முன் செவிலியரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: குழந்தை எழுந்து உட்காரலாமா, ஏதேனும் தொற்றுத் தடுப்பு ஏற்பாடு உண்டா, அறுவை சிகிச்சைக்காக உண்ணாமல் வைத்திருக்கிறார்களா. பட்டினியாக இருக்கும் குழந்தையிடம் பொம்மைச் சமையல் பாத்திரங்களை எடுத்துச் சென்று நிற்கும் தவறை ஒரே ஒரு முறை செய்தால் போதும், பிறகு வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கைகளைச் சுத்தம் செய்துகொண்டு கதவைத் தட்டி, பெற்றோரிடமும் குழந்தையிடமும் உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் மாணவர் என்பதையும் மறைக்காமல் கூறுங்கள். "நான் ஊசி போட மாட்டேன், மருந்து தர மாட்டேன், விளையாடத்தான் வந்திருக்கிறேன்" என்று சொன்ன பிறகு, குழந்தையின் கண்மட்டத்துக்கு வருமாறு உட்காருங்கள். கொண்டுவந்த இரண்டு பொருள்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். இரண்டுமே வேண்டாம் என்றால் புன்னகையோடு எழுந்துவிடுங்கள். மறுபடியும் எப்போது வரலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை வெப்பமானியையோ, மாத்திரையையோ, விடியற்காலை ரத்தப் பரிசோதனையையோ வேண்டாம் என்று சொல்ல முடியாது. வார்டுக்குள் வருபவர்களில் அந்தக் குழந்தையால் திருப்பி அனுப்ப முடிந்த ஆள் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். அந்த அதிகாரத்தை அதனிடம் விட்டுவைப்பதே உங்கள் பணியின் முதல் பாதி.

பொம்மைகளைப் பற்றி வழிகாட்டிகள் பக்கம் பக்கமாக எழுதும், சாரம் சிறியது. பலர் பயன்படுத்தும் பொருள், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய வழவழப்பான பரப்பு உள்ளதாக இருக்க வேண்டும். துணி பொம்மை ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியது. களிமண் மாவை ஒரு டப்பாவிலிருந்து எல்லோருக்கும் பகிராமல் தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள். ரப்பர் பலூன் வேண்டாம். ஒவ்வாமையும் மூச்சடைப்பும் வரக்கூடும். மூன்று வயதுக்குக் கீழே வாய்க்குள் போகும் சிறு துண்டுகள் கூடாது. தொற்றுக்காகத் தனிமைப்படுத்திய அறைக்கு முழுப் பெட்டியையும் தூக்கிச் செல்லாதீர்கள். உள்ளே போனது எல்லாம் அங்கேயே தங்கும், அல்லது ஒன்றொன்றாகத் துடைக்கப்பட்ட பிறகே வெளியே வரும். கிருமிநாசினியால் துடைக்கும்போது, புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். சி.டிஃப் எனப்படும் குடல் தொற்று உள்ள அறையிலிருந்து வந்தால் ஆல்கஹால் ஜெல் போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும்.

சிகிச்சைக்கு ஒரு குழந்தையை ஆயத்தப்படுத்துவதுதான் பயிற்சியில் மிகவும் நுணுக்கமான பகுதி. இங்கே தமிழில் பேசுபவர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கிறோம், ஸ்கேன் எடுக்கிறோம், ரத்தம் எடுக்கிறோம் என்று எல்லாவற்றுக்கும் 'எடுப்பது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான்கு வயதுக் குழந்தைக்கு எடுப்பது என்றால் எடுப்பதுதான். தன்னிடமிருந்து எதையோ கொண்டுபோகப் போகிறார்கள் என்றும், ரத்தம் முழுவதும் தீர்ந்துவிடும் என்றும் அது நினைக்கலாம். "உன் மார்பைப் பெரிய கேமரா ஒன்று படம் பிடிக்கும், உன்னைத் தொடாது" என்றும், "இந்தச் சின்னக் குழாயில் இவ்வளவு ரத்தம் மட்டும் போதும், உடம்பு மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளும்" என்றும், குழாயைக் கையில் கொடுத்தே சொல்லலாம். மயக்க மருந்தை வெறும் தூக்கம் என்று சொல்லிவிட்டால், இரவில் தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. இது வேறு வகைத் தூக்கம், நடுவில் விழிப்பு வராது, மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார், வேலை முடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார், அதன்பின் விழித்துக்கொள்வாய் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

குழந்தை எதைக் காணும், எதைக் கேட்கும், எதை முகரும், தோலில் என்ன உணரும் என்ற வரிசையில் விளக்கினால் அது நினைவில் நிற்கும்: பஞ்சு சில்லென்று இருக்கும், ரப்பர் பட்டை கையை இறுக்கும், பிறகு குத்தும். "வலிக்கவே வலிக்காது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "சிலருக்கு எறும்பு கடித்த மாதிரி இருக்குமாம்; உனக்கு எப்படி இருந்தது என்று அப்புறம் எனக்குச் சொல்" என்பது உண்மையும்கூட, குழந்தைக்கு ஒரு வேலையும்கூட. ஐ.வி., அதாவது ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் குழாய், போட்ட பிறகு ஊசி கைக்குள்ளேயே இருப்பதாக நம்பி, விரலைக்கூட அசைக்காமல் கிடக்கும் குழந்தைகளைக் காண்பீர்கள். ஊசியை வெளியே எடுத்துவிட்டார்கள், உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய குழாய் மட்டுமே என்று அப்படிப்பட்ட குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தால், சற்று நேரத்தில் அந்தக் கை பொம்மையை நோக்கி நகரும். சின்னக் குழந்தைக்குச் சிகிச்சைக்குச் சற்று முன்பும், பள்ளி வயதுக் குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பும் சொல்வது பொருத்தம். "ஊசி போட்டுக்கொள்கிறாயா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்று பதில் வந்தால் உங்களால் அதை மதிக்க முடியாது. அம்மா மடியிலா படுக்கையிலா, பார்க்கிறாயா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயா என்று, இரண்டில் எதைச் சொன்னாலும் நிறைவேற்றக்கூடிய கேள்விகளையே கேளுங்கள்.

அதே பொருள்களைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுப்பது இன்னொரு படி. முகம் வரையாத துணி பொம்மை, ஊசியில்லாத சிரிஞ்ச், ஸ்டெதஸ்கோப், பிளாஸ்திரி போதும். பொம்மையின் முகத்தைக் குழந்தையே வரையட்டும். ஐந்து வயதுச் சிறுவன் பொம்மையின் ஒரே கையில் பதினைந்து முறை குத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐயோ பாவம், அதுக்கு வலிக்குமே" என்ற சொல் நாக்கின் நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். "இப்போது பொம்மைக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "பிடிச்சுக்க ரெண்டு பேர் வேணும்" என்று அவன் சொன்னால், அவனுக்குச் செய்த சிகிச்சை எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாகத் தாயின் மடியில், மார்போடு மார்பாக அணைத்து உட்காரவைக்க ஏற்பாடு செய்யலாம்.

மூன்று முதல் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள், தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று நம்புவதுண்டு. விளையாட்டின் நடுவே அந்த எண்ணம் வெளிப்படும்போது, உடனே தெளிவாக மறுத்துவிடுங்கள். வளரிளம் பருவத்தினரிடம் விளையாட்டு என்ற சொல்லையே எடுக்காமல், சீட்டுக் கட்டோடும் நேரத்தோடும் போய் உட்காருங்கள். கதவைத் தட்டுவதில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

விளையாட்டு அறைக்குள் எந்தச் சிகிச்சையும் நடக்கக் கூடாது என்பது இத்துறையின் பழைய விதி. மாத்திரையோடு யாராவது உள்ளே வந்தால், குழந்தையை வெளியே அழைத்துச் சென்று கொடுக்கலாம் என்று பணிவாகச் சொல்ல மாணவருக்கும் உரிமை உண்டு. தயக்கமாக இருந்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

அன்றன்று குறிப்பு எழுதுங்கள், ஆனால் அதில் குழந்தையின் பெயரோ படுக்கை எண்ணோ இருக்கக் கூடாது. படம் எடுக்காதீர்கள், பெற்றோரே கேட்டாலும் உங்கள் கைபேசியில் வேண்டாம். ஒரு குழந்தையின் நிலை மோசமானால் அன்று மாலையே மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். தாங்கிக்கொள்வதாகக் காட்டிக்கொள்வதற்கு மதிப்பெண் இல்லை.

நீண்ட நாள் தங்கியிருக்கும் குழந்தைகளுக்கு, பயிற்சி முடியும் நாளை ஒரு வாரம் முன்பே நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டுங்கள். மறுபடியும் வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசி நாளன்று அந்தக் குழந்தை அரைகுறையாகக் கட்டி வைத்திருக்கும் கோபுரத்தை உங்களுக்குப் பின் வருபவரிடம் காட்டி, குழந்தை சொல்லும் வரை கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுங்கள்.