டெல்டாவில் தேசியக் கட்சியின் மாவட்டக் கிளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தேசியக் கட்சி ஒன்றின் பொறுப்புக்கு வருபவருக்கு, மாநிலக் கட்சிக்காரருக்கு இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. காவிரி நீரைத் திறந்துவிட வேண்டிய கர்நாடகத்திலும் அவருடைய கட்சி இயங்குகிறது. சில காலங்களில் அங்கு ஆட்சியிலும் இருக்கிறது. அந்த நெருக்கடியை மௌனத்தால் கடந்துவிடலாம் என்று நினைப்பதே இங்கு நிகழும் தவறுகளில் பெரியது.

கர்நாடகத்தில் பாஜக ஆட்சி நடந்த 2021 ஆகஸ்டில், காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணைக்கு எதிராகத் தமிழ்நாடு பாஜக தஞ்சாவூரில் உண்ணாவிரதம் இருந்தது. அதே அணையைக் கட்டக் கோரி 2022 ஜனவரியில் கர்நாடகக் காங்கிரஸ் நடைப்பயணம் போனது. தமிழ்நாட்டுக் காங்கிரஸோ அந்த அணையை எதிர்க்கிறது. உண்ணாவிரதத்தால் கர்நாடகத்தின் நிலைப்பாடு மாறிவிடவில்லை என்பது மெய்தான் என்றாலும், சொந்தக் கட்சியை எதிர்த்தாவது பேசியவர் ஊருக்குள் தலைகாட்ட முடியும். "மேலிடம் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் சொல்லும் நிர்வாகியை, வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் இருக்கும் விவசாயி மறுமுறை தேடி வருவதில்லை.

மேலிடம் இங்குள்ளவர்களின் பேச்சைக் கேட்காமல் போனால் என்னவாகும் என்பதற்கு 1996 சாட்சி. தஞ்சை மாவட்டப் பாபநாசம் பகுதியைச் சேர்ந்த காங்கிரஸ் தலைவர் மூப்பனார், டெல்லி முடிவு செய்த அதிமுக கூட்டணியை ஏற்காமல் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். அந்தத் தேர்தலில் தாய்க்கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்தது, கணக்குத் தெரியாமல் மேடை ஏறுவது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று 2007-இல் காவிரி நடுவர் மன்றம் சொன்ன 192 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) இன்னமும் சிலர் முழங்குகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்துவிட்டது. மாநில எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில் அளக்கப்படும் அந்த நீரில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 டிஎம்சி என மாதவாரிப் பங்கு இருப்பதால், எந்த மாதத்தில் எவ்வளவு பாக்கி என்று சொல்லிப் பேசுவதே பயன் தரும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தவுடன் நன்றிச் சுவரொட்டி ஒட்டுவதையும் சற்றுத் தள்ளிப்போடலாம். கல்லணை தாண்டிய தண்ணீர் கடைமடையான தலைஞாயிறு பக்கத்து வாய்க்கால்களுக்கு வந்து சேர்வது தனிக்கதை.

நெல் கொள்முதலில்தான் கிளைகள் அதிகம் சறுக்குகின்றன. நேரடிக் கொள்முதல் நிலையங்களை நடத்துவது மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஈரப்பத வரம்பான 17 விழுக்காட்டைத் தளர்த்தும் அதிகாரமோ ஒன்றிய அரசிடம் இருக்கிறது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை, தார்ப்பாய் போதவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் ஒன்று; 19 அல்லது 20 விழுக்காடு ஈரத்தோடு வந்த நெல்லை எடுக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல், எந்த அதிகாரமும் இல்லாத கொள்முதல் நிலையப் பட்டியல் எழுத்தரைச் சூழ்ந்துகொண்டு சாலை மறியல் நடத்துவதும், தன் கட்சி எங்கு ஆள்கிறதோ அந்த அரசை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சாடுவதும் வழக்கமாகிவிட்டன. தளர்வு வேண்டும் என்றால் மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுத்து, அறிக்கை டெல்லி போய், அதன் பிறகே உத்தரவு வர வேண்டும். அதற்குள் நெல் முளைத்துவிடும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் மோதிக்கொள்வது தெரிந்ததே. ஆகவே முளைத்த நெல்லோடு படம் எடுத்துக்கொள்வதைவிட, செப்டம்பரிலேயே தன் கட்சியின் எம்.பி.க்கள் மூலம் உணவுத் துறைக்குக் கோரிக்கையைக் கொண்டுசேர்ப்பது தேசியக் கட்சியால் மட்டுமே எளிதில் செய்யக்கூடிய வேலை.

நிலம் உள்ளவர்களை மட்டும் வைத்து விவசாய அணி அமைப்பதும் பழைய பிழை. கர்நாடகத்தில் பிறந்த பி. சீனிவாசராவ், 1940-களில் ஓர் அகில இந்தியக் கட்சியின் அமைப்பாளராகத் தஞ்சைக்கு வந்து, பண்ணையாள்களின் தெருக்களிலிருந்தே சங்கத்தைக் கட்டினார். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. இன்று கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் இங்கு ஏராளம். நிலம் அவர்கள் பெயரில் இல்லாததால், பயிர்க் காப்பீட்டுக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்றுதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. சம்பா காப்பீட்டுக்கான கடைசி நாள் நெருங்கும் நவம்பரில், கிளை நிர்வாகிகள் இருக்க வேண்டிய இடம் அந்த அலுவலகத்தின் வாசல்.