ஹாலோவீன் உடையும் அலமாரியில் இருக்கும் உடையும்

குழந்தைகள் பேய், பிசாசு வேடம் போட்டு வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதி மாலை இரண்டு மணி நேரம் அணிந்துவிட்டுக் கழற்றி வைக்கப்போகும் உடைக்காகத் துணி வாங்கி, லைனிங் கொடுத்து, காஜா எடுத்து, முழு உடையாகத் தைப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து. வேடத்தில் பாதி ஏற்கெனவே அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கருப்பு பேண்ட், தலையை மூடும் ஹூடி, தொளதொளவென்று ஆகிவிட்ட வெள்ளைச் சட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, குறைவதை மட்டும் தைத்துச் சேர்த்தால் போதும். சேர்த்ததை மறுநாள் பிரித்து எடுத்துவிட்டால் சட்டை பழையபடி சட்டையாகிவிட வேண்டும். அப்படித் தைப்பதற்கு வேண்டிய கைப்பழக்கமும், பேண்டின் நீளத்தைக் குறைப்பதற்கும் சட்டையைப் பிடித்துத் தைப்பதற்கும் வேண்டிய கைப்பழக்கமும் ஒன்றுதான். வேட உடையில் தையல் சற்றுக் கோணலாகப் போனாலும் இருட்டில் எவரும் கவனிக்கப்போவதில்லை என்பதால், புதிதாகத் தைப்பவர்கள் அதில் தொடங்கிப் பிறகு அன்றாட உடைக்கு வருவது நல்லது.

முதலில் கருவிகள். இஞ்சு டேப், துணிக்கென்றே ஒதுக்கிய கத்தரி, மார்க்கிங் சாக்பீஸ், குண்டூசிகள், தையல் பிரிக்கும் கருவி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை போதும். தையல் இயந்திரத்தின் ஊசியை மட்டும் துணிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சாதாரணப் பருத்திக்கு 80/12 எண் ஊசி, ஜீன்ஸ் துணிக்கு 90/14 அல்லது 100/16, டீ ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. பின்னல் துணியில் கூர்மையான ஊசியை ஓட்டினால் அது நூலை அறுத்துவிடக்கூடும். அன்று தெரியாத அந்தச் சிறு துளை, இரண்டு சலவைக்குப் பிறகு ஓட்டையாக விரியும்.

தோளங்கி

சூனியக்காரி, ரத்தக் காட்டேரி, மந்திரவாதி என்று எந்த வேடம் போட்டாலும் கைகொடுப்பது கேப் எனப்படும் தோளங்கிதான். அரை வட்டமாக வெட்டினால் துணி அதிகம் செலவாகாது. தோளிலிருந்து அழகாக விழவும் செய்யும். இதற்குப் பேப்பர் பேட்டர்ன் எதுவும் தேவையில்லை, சிறிது கணக்குப் போட்டால் போதும். அணிபவரின் கழுத்துச் சுற்றளவு 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஹூடியோ சட்டைக் காலரோ இருக்கும் என்பதால் 4 செ.மீ. கூட்டி 40 என்று கொள்ள வேண்டும். அரை வட்டத்தின் வளைவு நீளம், ஆரத்தை 3.14ஆல் பெருக்கினால் கிடைப்பது. ஆகவே 40ஐ 3.14ஆல் வகுத்தால் கழுத்தின் ஆரம் 12.7 செ.மீ. தையலுக்காக 1 செ.மீ. விட வேண்டும், அதையும் கழுத்தின் உட்பக்கமாக விட வேண்டும் என்பதால், வெட்டும் ஆரம் 11.7 செ.மீ. ஆகிறது.

தோளங்கியின் நீளம் 75 செ.மீ. வேண்டுமென்றால், 12.7உடன் 75ஐயும், ஓரம் மடிப்பதற்காக 1.5ஐயும் கூட்டினால் வெளி வளைவின் ஆரம் 89.2 செ.மீ. வருகிறது. துணியை நீளவாக்கில் சரிபாதியாக, ஒரு முனை மறு முனையைத் தொடும்படி மடித்து, மடிப்பும், துணியின் நெய்த ஓரமான கரையும் சந்திக்கும் மூலையை வட்டத்தின் மையமாகக் கொள்ள வேண்டும். அந்த மூலையில் இஞ்சு டேப்பின் நுனியை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, 11.7 செ.மீ. தூரத்திலும் 89.2 செ.மீ. தூரத்திலும் சாக்பீஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய் இணைத்தால் இரண்டு வளைவுகள் கிடைக்கும். 112 செ.மீ. அகலமுள்ள துணியில் இது எளிதாக அடங்கும். நீளத்துக்குக் கணக்குப்படி 180 செ.மீ. போதுமென்றாலும், பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் 2 மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். இப்படி வெட்டுவதில் இன்னொரு வசதியும் உண்டு. தோளங்கியின் இரண்டு முன் ஓரங்களும் துணியின் கரையிலேயே அமைந்துவிடுவதால், கரை சுத்தமாக இருந்தால் அவற்றை மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை.

நான் முதன்முதலாக வெட்டிய தோளங்கியில், துணி இரண்டாக மடிந்திருக்கிறதே என்ற குழப்பத்தில் ஆரத்தை இரண்டால் பெருக்கி வெட்டிவிட்டேன். விரித்துப் பார்த்தபோது கழுத்து 80 செ.மீ. அருகில் வந்து நின்றது. போட்டுப் பார்த்தால் இரண்டு தோளையும் தாண்டிக் கீழே வழுக்கியது. வேறு துணி கையில் இல்லை. கழுத்தின் விளிம்பையொட்டி 6 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, தையல் நீளத்தை 5 மி.மீ. என்று வைத்து ஓட்டி, அடியிலுள்ள பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்து மெதுவாக இழுத்துச் சுருக்கி, 40 செ.மீ. நீளமுள்ள பட்டையில் பொருத்தித் தைத்தேன். கணக்குப்படி வெட்டியிருந்தால் தட்டையாக நின்றிருக்கும் தோளங்கி, சுருக்கம் வைத்ததால் கழுத்திலிருந்தே கொசுவம் கொசுவமாக விழுந்தது. அதன் பிறகு நான் வேண்டுமென்றே கழுத்தைப் பெரிதாக வெட்டுகிறேன் என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கைச் சரியாகப் போட விரும்புகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, கழுத்தைச் சிறியதாக வெட்டினால் பிறகு பெரிதாக்கலாம், பெரியதாக வெட்டினால் என்னைப்போலச் சுருக்கம் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்பதே. வெட்டியவுடன் கழுத்து வளைவின் விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே ஒரு வரிசை தைத்துவிட்டால், கையாளும்போது வளைவு இழுபட்டு நீண்டுபோகாது.

கீழ் ஓரத்தை உடனே மடித்துத் தைக்கக் கூடாது. முன் ஓரங்களில் நெடுக்கு நூலும் முதுகின் நடுவில் குறுக்கு நூலும் நேராகத் தொங்க, கைகளின் மேல் விழும் பகுதியில் மட்டும் துணி க்ராஸாக, அதாவது நூல்களுக்குச் சாய்வாக, அமைந்திருக்கும். க்ராஸாக விழும் துணி தன் எடையாலேயே இழுபட்டு நீளும். ஆகவே கழுத்து விளிம்பில் ஒரு பட்டை வைத்துத் தைத்து, தோளங்கியை ஓர் ஹேங்கரில் ஒரு நாள் முழுவதும் தொங்கவிட்டு, பிறகு அணியச் செய்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் குறித்து, நீண்டதைக் கத்தரித்துச் சமன்படுத்த வேண்டும். மடிப்பும் குறுகலாகவே இருக்க வேண்டும். வட்டத்தின் வெளிச் சுற்று உள் சுற்றைவிட நீளமானது, 3 செ.மீ. அகலமாக மடித்தால் அந்த மிச்ச நீளம் எங்கும் போக முடியாமல் சிறு சிறு சுருக்கங்களாகத் தங்கிவிடும். விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு வரிசை தைத்து, அந்தத் தையலே மடிப்புக் கோடாக இருக்கும்படி மடித்து இஸ்திரி போட்டு, மீண்டும் ஒருமுறை மடித்துத் தைத்தால் ஓரம் நேர்த்தியாகப் படியும்.

கழுத்தைக் கட்ட நாடா வைப்பதே வழக்கம் என்றாலும் குழந்தைகளின் தோளங்கிக்கு நான் அதை ஒருபோதும் வைப்பதில்லை. எதிலாவது சிக்கி இழுபட்டால் நாடா கழுத்தை இறுக்கும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குழந்தைகளின் மேலாடைகளில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுநாடா வைக்க வேண்டாம் என்று 1996இல் வழிகாட்டுதல் வெளியிட்டதும் இந்தக் காரணத்தால்தான். 3 செ.மீ. நீளமுள்ள வெல்க்ரோ துண்டு போதும். இழுத்தால் தானே விட்டுவிடும். பூசணிக்காய் விளக்குகளில் மெழுகுவத்தி எரியும் வாசல்களைக் கடந்து போகும் உடை என்பதையும் மறக்கக் கூடாது. மெல்லிய பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே துணி எதுவாக இருந்தாலும் கீழ் ஓரம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும்; அப்படி நின்றால் படியேறும்போது கால் தடுக்காது. கருப்பு உடை சாலையில் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குப் படாது என்பதால், முதுகுப்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் டேப் ஒரு துண்டு தைத்துவிடுவது நல்லது.

ஹூடியில் வௌவால் சிறகு

சிறு குழந்தைக்குத் தோளங்கியைவிட வௌவால் வேடமே வசதி. கருப்பு ஹூடியின் கையை விரித்துத் தரையில் பரப்பி, மணிக்கட்டிலிருந்து அக்குள் வரையிலும், அக்குளிலிருந்து இடுப்பு வரையிலும் உள்ள தூரத்தை அளந்து, அந்த இரண்டு பக்கங்களையும் உடைய முக்கோணத்தை, நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியில் வரைந்துகொள்ளுங்கள். மூன்றாவது பக்கத்தை மூன்று அரைவட்டக் குழிவுகளாக வெட்டினால் சிறகு தயார். ஃபெல்ட் பிரியாது என்பதால் ஓரம் மடிக்கும் வேலை இல்லை. சிறகை ஹூடியின் கைத் தையலிலும் பக்கத் தையலிலும் வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். இயந்திரத்தில் தைத்தால் பிரிக்கும்போது ஹூடியின் பின்னல் சேதமாகலாம். ஒவ்வொரு தையலும் ஒரு செ.மீ. இருக்கட்டும், நூலை இறுக்கி இழுக்காமல் சற்றுத் தளர்வாக விட்டால்தான், குழந்தை கையைத் தூக்கும்போது பின்னல் துணி நீளுவதற்கு இடமிருக்கும். நூல் வேறு நிறத்தில், கருநீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் மறுநாள் பிரிப்பது எளிது. காதுகளுக்கு ஃபெல்ட்டை இரண்டு அடுக்காக ஒட்டித் தைத்தால் நிமிர்ந்து நிற்கும். முகமூடி வேண்டாம், பக்கவாட்டுப் பார்வையை அது மறைத்துவிடும். மூக்கில் ஒரு பொட்டு மை போதும்.

அன்றாட உடைக்கு வரும்போது

வேடத்தில் விட்டுக்கொடுத்ததை இங்கே விட்டுக்கொடுக்க முடியாது. துவைத்த உடையில்தான் அளவு குறிக்க வேண்டும், பேண்ட் நீளத்தைக் குறிக்கும்போது அதனோடு அணியும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு காலில் குறித்துவிட்டு மறு காலையும் அதேபோல் வெட்டிவிடாமல் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பலருக்கு இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் விழுவதில்லை.

நீளம் குறைப்பதில் பெரும்பாலோர் தடுமாறுவது, கீழே குறுகிக்கொண்டே போகும் பேண்டில்தான். 4 செ.மீ. மடிப்புக்காகத் துணி விட்டு வெட்டி, அதை உள்ளே மடக்கினால், மடக்கிய பகுதி பேண்டைவிடக் குறுகலாக இருப்பதால் படியாது. வெளிப்பக்கம் சுருங்கிக்கொண்டு நிற்கும். பக்கத் தையலை மடிப்புப் பகுதியில் மட்டும் பிரித்து, மடிப்புக் கோட்டுக்குக் கீழே சற்று அகலமாகும்படி மறுபடி தைத்துவிட்டால் பிரச்சினை தீரும். பிறகு கையால் ஹெம்மிங் செய்யும்போது வெளித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி நுனியால் தொட்டு எடுக்க வேண்டும்.

ஜீன்ஸுக்கு வழி வேறு. தேய்ந்து நிறம் மாறிய அதன் கீழ் ஓரத்தை வெட்டி எறிந்தால் புதிய ஓரம் ஒட்டவைத்ததுபோல் தெரியும். 5 செ.மீ. குறைக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் தையல் கோட்டுக்கும் மடிப்பு முனைக்கும் இடையே அதில் பாதி, 2.5 செ.மீ., இருக்கும்படி காலை வெளிப்பக்கமாக மடித்து, பழைய தையலை ஒட்டியே, அதன் மேல் ஏறாமல் தைக்க வேண்டும். மடிப்பைக் கீழே இறக்கி இஸ்திரி போட்டால், பழைய ஓரம் அப்படியே நிற்கும், புதிய தையல் அதன் நிழலில் மறைந்துவிடும். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டி, நூல் பிரியாதபடி ஓரத்தைச் சுற்றித் தைத்து ஓவர்லாக் செய்துவிடலாம். பக்கத் தையல்கள் சேரும் தடித்த இடத்தில், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் முன்னால் தூக்கிக்கொண்டு நின்றால், அதன் பின்பகுதிக்குக் கீழே மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகி மட்டம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஊசி முறியும்.

சட்டையைப் பிடித்துத் தைப்பதில் கணக்கு ஏமாற்றும். பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு செ.மீ. தள்ளித் தைத்தால் முன்பாகத்தில் ஒன்று, பின்பாகத்தில் ஒன்று என்று அந்தப் பக்கத்தில் 2 செ.மீ. குறைகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 4 செ.மீ. ஒரு செ.மீ. தானே என்று இரண்டு முறை பிடித்தால் 8 செ.மீ. போய்விட்டிருக்கும், பட்டன் போட முடியாது. ஆகவே முதலில் நீளமான தற்காலிகத் தையல் போட்டு, அணிந்து, உட்கார்ந்து, கையை மேலே தூக்கிப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே உறுதியான தையல் போட வேண்டும். அதன் பின்னும் ஒரு சலவை வரை உள்துணியை வெட்டாமல் விட்டு வைப்பது என் பழக்கம். பேண்டின் இடுப்பைப் பின்புற நடுத் தையலில் 4 செ.மீ. வரை குறைக்கலாம், அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து அசிங்கமாகும். பெரிதாக்குவது என்றால், உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். சாட்டின், பட்டு, தோல் ஆகியவற்றில் பழைய ஊசித் துளைகள் மறையாது என்பதால் அவற்றைப் பெரிதாக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

நவம்பர் 1ஆம் தேதி வௌவால் சிறகைப் பிரிக்கும்போது நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையல்களுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்திலிருந்து நூலை உருவினால் அது துண்டு துண்டாக வந்துவிடும். துளைகள் தெரியும் இடத்தில் ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி எடுத்தால், பின்னல் தானாகக் கூடிக்கொள்ளும். ஹூடியை அன்றே பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.