போர்க்கைதிங்க கதை எழுத வர்றவங்க பண்ற தப்புங்க

சயாம் மரண ரயில் (ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் போர்க்கைதிங்களையும் கூலிங்களையும் வச்சு தாய்லாந்துல, அதாவது சயாம்ல இருந்து பர்மாவுக்கு போட்ட பாதை) பத்தி, சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட சரணடைஞ்ச வீரர்கள் பத்தி எழுத நிறைய இளசுங்க வர ஆரம்பிச்சிருக்காங்க, பாட்காஸ்ட் பண்றவங்க, யூட்யூப்ல பேசறவங்க, தாத்தா கதைய தொகுக்கறவங்கனு. ரொம்ப சந்தோஷம். எனக்கு அனுப்புற டிராஃப்ட் எல்லாத்தையும் படிக்கறேன். ஆனா பத்துல எட்டு பேர் அதே நாலஞ்சு தப்ப பண்றாங்க, நான் ஆரம்பிச்ச காலத்துல பண்ணதேதான். தேதி தப்பு, பேர் ஸ்பெல்லிங் தப்பு இதெல்லாம் சொல்லப்போறதில்ல, அத யாராவது திருத்திடுவாங்க. திருத்த முடியாத தப்புங்க இருக்கு, அதுங்க பத்திதான் இது.

சினிமாவ ஆதாரமா வைக்கிறது

வேண்டாம். 1957ல வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துல வர்ற மாதிரி எந்த கமாண்டரும் ஜப்பான்காரனுக்கு ஆசையா பாலம் கட்டிக் கொடுக்கல. அந்த பாலம் கட்டின தமார்கான் கைதி முகாம்ல உண்மையிலேயே பொறுப்புல இருந்தவர் பிலிப் டூசிங்கற பிரிட்டிஷ் ஆபீசர், தன் ஆளுங்க உயிரோட இருக்கணும்னு அடி வாங்கி வாங்கி பேரம் பேசினவரு. அவ்வளவுதான் விஷயம்.

"மன உறுதி இருந்தவன் பிழைச்சான்"

இதுக்குதான் இந்த பதிவே. இந்த ஒரு வரிய எங்க பார்த்தாலும் எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வருது.

டிராஃப்ட்ல எல்லாம் ஒரே மாதிரி வரும். முகாம் எவ்ளோ கொடுமைனு ரெண்டு பாரா, அப்புறம் "இத்தனைக்கும் நடுவுல மனச தளர விடாதவங்க மட்டும் ஊர் திரும்பினாங்க"னு ஒரு வரி, அப்புறம் நமக்கு ஒரு பாடம். கேக்க நல்லா இருக்கும், ஷேர் ஆகும். ஆனா அந்த வரிக்கு இன்னொரு பக்கம் இருக்குல்ல, திரும்பாதவன் மனச தளர விட்டவன்னு ஆகுது. செத்தவன் மேலயே பழிய போடுற வரி அது.

ஒரு தடவ மலேசியாவுல ஒரு நினைவு நிகழ்ச்சி, ஒரு தம்பி மேடையில இதத்தான் உருக்கமா பேசினாரு. கூட்டத்துல ஒரு அம்மா. அவங்க தன் அம்மா வயித்துல இருக்கும்போதே அப்பாவ ரப்பர் தோட்டத்துல இருந்து சயாமுக்கு பிடிச்சிட்டு போயிட்டாங்க, வரவே இல்ல. பேச்சு முடிஞ்சதும் கிட்ட வந்து "அப்ப எங்கப்பா மனசு கோழையா தம்பி?"னு கேட்டாங்க. அந்த தம்பிக்கு பதில் வரல. அந்த அம்மா வீட்ல பழைய போட்டோ இருக்கு, அவங்க பாட்டி சொன்ன கதையெல்லாம் இருக்கு, மறுநாள் பதிவு பண்றதா பேச்சு. வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் யார் போய் கேட்டும் பேசல. ஒரு குடும்பத்தோட நினைவு மொத்தமும் ஒரு அலங்கார வரியால மூடிப்போச்சு.

சரி, மன உறுதி இல்லைனா வேற எதுதான் காப்பாத்துச்சு? இத விளக்க எஃப் ஃபோர்ஸ்னு பேர் வச்ச கைதிங்க கூட்டத்தோட கதைய விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. 1943 ஏப்ரல்ல சிங்கப்பூர் சாங்கி கைதி முகாம்ல இருந்து சுமார் 7,000 பேர கிளப்பினாங்க, பாதி ஆஸ்திரேலியாக்காரங்க, பாதி பிரிட்டிஷ்காரங்க. நல்ல சாப்பாடு இருக்கற இடம், வேலை அதிகம் இல்ல, நோயாளிங்களும் வரலாம்னு சொல்லி கூட்டிட்டு போனாங்க, அத நம்பி ஒரு பியானோவையே தூக்கிட்டு போயிருக்காங்க. இரும்பு சரக்கு வேகன்ல அடைச்சு நாலஞ்சு நாள், தாய்லாந்துல பான்போங்ல இறக்கி, அங்க இருந்து மழையில ராத்திரி ராத்திரியா சுமார் 300 கிலோமீட்டர் நட. வழியில கொங்கொய்தாவுல காலரா ஒட்டிக்கிச்சு. டிசம்பர்ல மிச்ச பேர் சாங்கிக்கு திரும்புறப்ப 3,000க்கும் மேல செத்திருந்தாங்க.

இப்ப கவனிங்க. ஆஸ்திரேலியாக்காரங்கள்ல செத்தது நூத்துக்கு 30க்கு கொஞ்சம் கம்மி, பிரிட்டிஷ்காரங்கள்ல நூத்துக்கு 60 கிட்ட. ஒரே ரயில், ஒரே நடை, ஒரே காலரா. பிரிட்டிஷ்காரனுக்கு மனசுல பலம் பாதிதான்னு யாராவது சொல்ல முடியுமா? காரணம் ரொம்ப சாதாரணம். பிரிட்டிஷ் கூட்டத்துல கிளம்புறப்பவே நோயாளிங்க ஜாஸ்தி, பல யூனிட்ல இருந்து பொறுக்கி சேர்த்தவங்க. ஆஸ்திரேலியாக்காரங்கள்ல பெரும்பாலானவங்க ஒண்ணா பயிற்சி எடுத்து ஒண்ணா சண்டை போட்டவங்க, ஆபீசர் சொன்னா கேப்பாங்க, கக்கூஸ் குழி ஆழமா வெட்டுனு சொன்னா வெட்டுவாங்க, சாப்பாட்டு தட்ட கொதிக்கற தண்ணில முக்காம வரிசையில நிக்கக்கூடாதுனா நிக்க மாட்டாங்க. காலராவுக்கு முன்னாடி உயிர தீர்மானிச்சது அந்த கொதிக்கற தண்ணி டிரம்மும் அத கண்காணிச்ச ஒரு சார்ஜன்ட்டும்.

அப்புறம் டாக்டருங்க. பர்மா பக்கம் 55வது கிலோமீட்டர் முகாம்ல ஆல்பர்ட் கோட்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய சர்ஜன், கால் புண்ணு எலும்பு வரைக்கும் அரிச்சவங்களுக்கு நூத்துக்கும் மேல கால் வெட்டி எடுத்திருக்காரு. அதுக்கு முதுகுல போடற மயக்க மருந்து எங்க இருந்து? கைதிங்கள்ல ஒருத்தரான வான் பாக்ஸ்டெல்னு டச்சு கெமிஸ்ட் இருந்த கொஞ்ச கொக்கைன்ல இருந்து தயார் பண்ணிக் கொடுத்தாரு. சுங்கை முகாம்ல மார்கோவிட்ஸ்னு ஒரு கனடா டாக்டர், ஒரு கைதியோட ரத்தத்த எடுத்து, உறையாம கிளறி, வடிகட்டி இன்னொருத்தனுக்கு ஏத்தினாரு. காலரா வந்தவனுக்கு உப்புத் தண்ணி ஏத்த மூங்கில் குச்சிய ஊசி மாதிரி சீவி, ஸ்டெதஸ்கோப் ரப்பர் டியூப மாட்டினாங்க. இதுக்கெல்லாம் காசு? கைதி ஆபீசருங்களுக்கு ஜப்பான்காரன் சம்பளம்னு ஏதோ கொடுத்தான், அதுல ஒரு பங்க பிடிச்சு நோயாளிங்களுக்கு வாத்து முட்டையும் மருந்தும் வாங்கினாங்க, காஞ்சனபுரியில பூன்போங்னு ஒரு தாய் வியாபாரி தன் உயிர பணயம் வச்சு மருந்தையும் பணத்தையும் காய்கறி படகுல கடத்திட்டு வந்து கொடுத்தாரு. இந்த சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தாலும் மன உறுதி ஒண்ணும் செஞ்சிருக்காது.

இதே பாதையில, பல இடத்துல பக்கத்து முகாம்லயே நம்ம தமிழ் ஆளுங்க இருந்தாங்க. மலாயா தோட்டங்கள்ல இருந்து ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி, மூணு மாசத்துல திரும்பிடலாம்னு ஆசை காட்டி கூட்டிட்டு போனது பாதி, அப்புறம் லாரியில சும்மா அள்ளிப் போட்டது மீதி, சில பேர் பொண்டாட்டி புள்ளையோட. அவங்களுக்கு ஆபீசர் இல்ல, டாக்டர் இல்ல, சேர்த்து வைக்க சம்பளம் இல்ல, பல தோட்டத்து ஆளுங்கள கலந்து போட்டதால குழி வெட்டுனு சொல்ல ஒரு ஆள் கூட இல்ல. ஆத்துல தண்ணி மொண்டு அப்படியே குடிச்சாங்க, காலரா குடிசை குடிசையா துடைச்சு எடுத்துடுச்சு. 1943 ஜூன்ல சாங்கில இருந்து 30 டாக்டரும் 200 உதவியாளரும் கே ஃபோர்ஸ்னு அனுப்பினாங்க, ஆகஸ்ட்ல எல் ஃபோர்ஸ்னு இன்னும் கொஞ்சம் பேர். லட்சக்கணக்கான கூலிங்களுக்கு அவ்வளவுதான். பால்மரம் சீவி பொழச்ச ஜனம், கஷ்டம் தாங்கறதுல யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல. செத்ததுக்கு காரணம் மனசு இல்ல.

இன்னும் நம்பலைனா ஐரோப்பாவ பாருங்க. ஜெர்மன்காரன்கிட்ட மாட்டின பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்கள்ல நூத்துக்கு 4 பேர் மாதிரி செத்தாங்க. அதே ஜெர்மன்காரன்கிட்ட மாட்டின சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம், செத்தது 33 லட்சம் கிட்ட. ஸ்டாலின்கிராட்ல பிடிபட்ட 91,000 ஜெர்மன்காரங்கள்ல ஊருக்கு போனது 5,000, 6,000 பேர். சாப்பாடு கொடுத்தானா இல்லையாங்கறதுதான் கணக்கு.

"அப்ப மனசுக்கு பங்கே இல்லையா, சில பேர் சுவர் பக்கம் திரும்பி படுத்து செத்துட்டாங்கனு டாக்டருங்களே எழுதியிருக்காங்களே"னு கேப்பீங்க. எழுதியிருக்காங்க. ஆனா 1944-45ல மின்னசோட்டாவுல 36 ஆரோக்கியமான இளைஞர்கள், தாங்களா முன்வந்தவங்க, அவங்கள மாசக்கணக்குல அரை வயித்துல வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. அடி இல்ல, காலரா இல்ல, சிறை இல்ல. அவங்களும் எதுலயும் ஆசை இல்லாம, பேச்சு குறைஞ்சு, சோர்ந்து போனாங்க. அந்த விட்டுப்போன மனசுங்கறதே பட்டினியோட அறிகுறி. அத காரணம்னு எழுதாதீங்க.

மனசு வேலை செஞ்ச இடம் வேற. மூணு நாலு பேர் சேர்ந்து ஒரு செட்டா இருப்பாங்க, ஒருத்தன் படுத்தா மத்தவன் அவன் சோத்த வாங்கி ஊட்டுவான், அவன் துணிய அலசுவான், வேலைக்கு போன இடத்துல ஒரு வாழைப்பழம் கிடைச்சா ஒளிச்சு கொண்டு வருவான். எழுதணும்னா அத எழுதுங்க.

இந்திய வீரர்கள்னாலே ஐ.என்.ஏ.னு நினைக்கிறது

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, 17ம் தேதி ஃபாரர் பார்க்ல 40,000 இந்திய வீரர்கள் வரைக்கும் கூட்டி ஜப்பான்காரன்கிட்ட ஒப்படைச்சாங்க. நிறைய பேர் ஜப்பான் பக்கம் நின்னு பிரிட்டிஷ்காரன எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்துல, அதாவது ஐ.என்.ஏ.ல சேர்ந்தாங்க, நிறைய பேர் சேரல. சேராதவங்கள ஆயிரக்கணக்குல நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு கூலி வேலைக்கு கப்பல் ஏத்தினாங்க. அவங்க கதை தமிழ்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஜமேதார் சிந்த் சிங்னு ஒருத்தர், நியூ கினியில வேவாக் பகுதிக்கு போன ஆயிரக்கணக்கான பேர்ல கடைசில மீட்கப்பட்ட சின்ன கூட்டத்துல இருந்தவரு. கூட பிழைச்சவங்க ஊருக்கு கிளம்பின விமானம் விழுந்து எல்லாரும் செத்துட்டாங்க, ஜப்பான் அதிகாரிங்க மேல சாட்சி சொல்றதுக்காக இவர மட்டும் நிறுத்தி வச்சிருந்தாங்க, அதனால தப்பிச்சாரு. இதுல எங்க வருது மன உறுதி?

எண்ணிக்கைய ஒரே நம்பரா எழுதுறது

415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர் 17 ரெண்டு பக்கமும் சேர்ந்துச்சு, இதெல்லாம் உறுதி. 60,000க்கும் மேல போர்க்கைதிங்க, அதுல 12,000க்கும் மேல சாவு, இதுவும் உறுதி, ஏன்னா அவங்க ஆபீசருங்க பட்டியல் எழுதி மூங்கில் குழாய்லயும் கல்லறையிலயும் ஒளிச்சு வச்சாங்க. கூலிங்களுக்கு பட்டியல் எழுத ஆள் இல்ல. அதனால ஆசியத் தொழிலாளிங்க சாவு 90,000 வரைக்கும் இருக்கலாம்னு மதிப்பீடுதான் இருக்கு. மதிப்பீடுன்னே எழுதுங்க. வாட்ஸ்அப்ல வர்ற லட்சக்கணக்க கடைசி இலக்கம் வரைக்கும் எழுதினீங்கனா, நாளைக்கு ஒருத்தன் அந்த ஒரு நம்பர உடைச்சிட்டு மொத்தமும் பொய்னு சொல்லிடுவான். காஞ்சனபுரியில போர்க்கைதிங்களுக்கு கிட்டத்தட்ட 7,000 கல்லறை, பெரும்பாலானதுல பேர் பொறிச்சிருக்கு. கூலிங்கள மொத்தமா குழியில தள்ளினாங்க, 1990ல கூட அங்க ஒரு கூட்டுப் புதைகுழி வெளிய வந்துச்சு.

காவலாளி எல்லாம் ஜப்பான்காரன்னு எழுதறது

நிறைய பேர் கொரியாக்காரங்க. அவங்க நாட்டையே ஜப்பான் பிடிச்சு வச்சிருந்துச்சு. அவங்க செஞ்ச கொடுமைய குறைச்சு எழுதணும்னு சொல்லல, போருக்கப்புறம் 23 கொரியாக்காரங்கள போர்க்குற்றத்துக்கு தூக்குல போட்டாங்க. அதே மாதிரி கைதிங்கள வேலைக்கு விரட்டின ரயில்வே ரெஜிமென்ட் இன்ஜினியருங்க வேற, முகாம நடத்தினவங்க வேற. யார் அடிச்சான்னு கேட்டு எழுதுங்க.

1943லயே கதைய முடிக்கிறது

பாதை முடிஞ்ச அப்புறமும் கொடுமை முடியல. ஜப்பானுக்கு கப்பல்ல அனுப்பினாங்க, 1944 செப்டம்பர்ல ராகுயோ மாரு, கச்சிடோகி மாருனு ரெண்டு கப்பல உள்ள கைதிங்க இருக்கறது தெரியாம அமெரிக்க நீர்மூழ்கிங்களே மூழ்கடிச்சு ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க. அதுல தண்ணில மிதந்து மீட்கப்பட்டவங்க வாயாலதான் இந்த ரயில் பத்தி வெளி உலகத்துக்கு விவரமா தெரிஞ்சுச்சு. பிழைச்சவங்க உடம்புல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு குடல்புழு இருபது முப்பது வருஷம் கழிச்சும் இருந்தத லிவர்பூல் டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. பிரிட்டன் 2000ல உயிரோட இருந்த தன் கைதிங்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்ட் கொடுத்துச்சு. தோட்டத்துக்கு திரும்பின தமிழனுக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல, மறுபடி பால்மரம்தான்.

சோக மியூசிக்

போடாதீங்க.

"எப்படி தாங்கினீங்க?"னு கேக்கறது

போய் வந்தவங்க இப்ப கிட்டத்தட்ட யாரும் இல்ல, புள்ளைங்ககிட்டதான் கேக்கப்போறீங்க. ஆனா கேள்வி முறை ஒண்ணுதான். "எப்படி தாங்கினாரு, என்ன உணர்ந்தாரு"னு கேட்டா "என்னத்த சொல்ல, பட்டது பட்டாச்சு"ங்கறதோட முடிஞ்சிடும், அதுக்கு மேல எதிர்பார்த்தா அழுகைதான் வரும், தகவல் வராது. எனக்கு தெரிஞ்ச ஒரு பெரியவர் வருஷக்கணக்கா சயாம் பத்தி வீட்ல வாயே திறக்காதவரு. சோறு எதுல பொங்கினீங்கனு கேட்டதும் ஆரம்பிச்சிட்டாரு, பெரிய இரும்பு சட்டி, அத ரெண்டு பேர் தூக்கணும், ஒருத்தன் எங்க ஊர்க்காரன், அவன் பேரு இன்னது, அவன் எந்த முகாம்ல விழுந்தான், யார் குழி வெட்டினதுனு எல்லாம் அந்த சட்டியில இருந்தே வந்துச்சு. ஒரு பட்டியல்லயும் இல்லாத ஒரு பேர் அப்படித்தான் கிடைச்சுது.

அதனால இதுங்கள கேளுங்க. எந்த தோட்டம், கூட யார் யார் போனாங்க, கங்காணி கூட வந்தாரா. எந்த ஸ்டேஷன்ல ஏத்தினாங்க, எவ்ளோ தூரம் நடந்தாங்க. தண்ணி எங்க இருந்து எடுத்தாங்க, யார் கொதிக்க வச்சது, கொதிக்க வச்சாங்களா. காய்ச்சல் வந்தப்ப பக்கத்துல யார் இருந்தது. திரும்பி வந்தப்ப யார் யார் இல்ல, அவங்க பேரு என்ன, அந்த குடும்பம் இப்ப எங்க இருக்கு. பேர ரெண்டு தடவ கேட்டு எழுதிக்கங்க, பட்டப்பேரா இருந்தா அதையும் சேர்த்து.