டவர் ரேடியோவுக்குக் கரண்ட்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பெல்ட் போடாமல் ஏறாதீர்கள், கனெக்டரை ஒழுங்காகக் கிரிம்ப் செய்யுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். வயர்லெஸ் இன்டர்நெட் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் ஒருத்தர் விடாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. இங்கே ரேடியோ என்பது டவர் மேலிருந்து இன்டர்நெட் சிக்னல் அனுப்பும் பெட்டி. டேட்டா போகும் நெட்வொர்க் கேபிளிலேயே கீழிருந்து அதற்குக் கரண்டும் போகும்.

சிசிஏ கேபிள்

நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம், அதுதான் சிசிஏ. கடையில் இதையும் 'கேட் 6' (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்றுதான் கொடுப்பார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பெட்டியைத் தூக்கும்போதே கனம் குறைவு.

ஒரு தம்பியின் டவரில் ரேடியோ பகலெல்லாம் நன்றாக ஓடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தானாக ரீபூட் ஆகும். சாப்ட்வேர் கோளாறு என்றார். அடாப்டரை மாற்றினார், ஆள் கூலி கொடுத்து ரேடியோவையே மாற்றினார். கீழே மீட்டர் வைத்தால் 24 வோல்ட் கச்சிதமாக இருந்தது. ரேடியோவின் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே வோல்டேஜ் காட்டும், அதைப் பாருங்கள் என்றேன். 17-ஐக்கூடத் தொடவில்லை.

கணக்கு எளிது. 80 மீட்டர், 24 கேஜ் (கம்பியின் பருமன்) சுத்தச் செம்பு, கரண்ட் போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்றால் மின்தடை மொத்தம் ஏறக்குறைய 6.7 ஓம். 12 வாட் ரேடியோவுக்கு 24 வோல்ட் அனுப்பினால் மேலே 20 தான் சேரும். சிசிஏவில் ஓம் ஒன்றரை மடங்கு. வோல்டேஜ் குறையக் குறைய ரேடியோ அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் இன்னும் குறையும். ராத்திரி ஊரே வீடியோ பார்க்கும்போது வாட் ஏறுகிறது, ரேடியோ படுத்துவிடுகிறது. இதே செம்புக் கேபிளில் 48 வோல்ட் வாங்கும் ரேடியோ என்றால் மேலே 46 கிடைக்கும்.

மிச்சம் பிடித்த கேபிள் காசு, டவர் ஏறுகிறவரின் ஒரு நாள் கூலிக்குக்கூடக் காணாது.

24-ஆ, 48-ஆ?

டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கேபிளில் கரண்ட் ஏற்றும் பெட்டிதான் இன்ஜெக்டர். பாசிவ் என்றால் எதிரே இருக்கும் ரேடியோ எத்தனை வோல்ட் வாங்கும் என்று பார்க்காமலே அனுப்பும். 24 வோல்ட் ரேடியோவில் 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரைச் செருகினால் புகைதான்.

230 வோல்ட்டை மேலே கொண்டுபோவது

கூடாது.

சர்ஜ் அரெஸ்டர்

இடியால் கேபிளில் திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் பெட்டி இது. எர்த் ஒயர் கட்டாத அரெஸ்டர் வெறும் ஜாயின்ட் பெட்டி. டவர் எர்த்தோடு சேர்த்துக் கட்டுங்கள். அதுவும் நேரடி இடியைத் தாங்காது, பக்கத்தில் விழுவதற்குத்தான்.

மழை

வீட்டுக்குள் போடும் பிவிசி கேபிள் வெயிலில் வெடித்துவிடும். கறுப்பு பாலிஎத்திலீன் உறை வேண்டும். ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழைத் தண்ணீர் உறைக்குள்ளேயே வழிந்து இறங்கி இன்ஜெக்டர் போர்ட்டில் வந்து நிற்கும்.