பழைய செதுக்குப் படங்களை மறுஅச்சு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் எங்கள் கடைக்கு மாதம் ஒருவராவது பென்டிரைவோடு வந்துவிடுகிறார். ஒருவரிடம் பரணில் கிடந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தின் மரக்கட்டைப் படம் இருக்கும். இன்னொருவரிடம் பழைய இங்கிலீஷ் பயண நூலில் வந்த தஞ்சைப் பெரிய கோயில். ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு விற்கலாம் என்று யோசனை. நல்ல யோசனைதான். எனக்கும் பன்னிரண்டு வருஷமாக அதில்தான் சோறு.

போன மாதம் வந்த தம்பி மயிலாடுதுறைக்காரர். கையில் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். லேப்டாப்பைத் திறந்து, "சுத்தமா வெளுத்துட்டேண்ணே, பாருங்க" என்றார். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் அடித்த அதே கூத்து, ஒரு இம்மி மாறாமல்.

ஸ்கேனர் கண்ணாடியைத் துடையுங்கள், ஃபைலுக்கு நகல் வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

தாளை வெளுக்கப் போய் வானத்தை வெளுப்பது

என் கதையைச் சொல்கிறேன். ஒரு லாட்ஜ்காரர் தன் முப்பது அறைக்கும் பெரிய கோயில் படம் கேட்டார். என்னிடம் இருந்தது 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செதுக்குப் படம். தாள் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் பழுத்துப் போயிருந்தது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் போட்டேன். படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் திருத்தும் லெவல்ஸைத் திறந்து, வெள்ளை முனையை இழுத்துத் தாளின் மேல் வைத்தேன். பழுப்பு ஒரே நொடியில் பறந்தது. கோயில் விமானம் பளிச்சென்று நின்றது. மிச்சம் இருந்த பொட்டு பொடிகளைத் தூசி நீக்கும் ஃபில்டர் தின்றுவிட்டது. முப்பது பிரிண்ட், முப்பது தேக்குச் சட்டம், கண்ணாடி. லாட்ஜ்காரருக்குப் பரம சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்து அங்கே தங்கிய ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் தன் அறையில் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "கோயில் இருக்கு, வானம் எங்க?"

அவ்வளவுதான். "அரைப் படத்துக்கா முழுக் காசு வாங்கினே?" என்று முப்பதையும் குட்டியானை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார் லாட்ஜ்காரர். தாள், மை, சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். கோபம் அவர் மேல் இல்லை. மூலப் படம் என் மேஜையிலேயே இருந்தும் பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை பார்க்காத என் மேல்தான். இன்றைக்கும் அந்த லாட்ஜ் இருக்கும் தெருவில் வண்டியை விடமாட்டேன்.

பிறகு பூதக்கண்ணாடி வைத்தேன். வானம் முழுக்கக் கோடு. ரூல் தடியை வைத்து இழுத்தாற்போல் நூற்றுக்கணக்கான படுக்கைக் கோடுகள். மேலே சற்றுத் தடிமன், கீழே வர வர மயிரிழை, அடிவானத்தில் கோடு அறுந்து வெறும் புள்ளிகள். வானத்தில் இப்படிச் சீராகக் கோடு போடவே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தனி இயந்திரம் வந்துவிட்டது. விமானத்தைச் செதுக்கிய அளவுக்கு வானத்துக்கும் ஒருவன் பாடுபட்டிருக்கிறான். நான் அதைக் கறை என்று துடைத்திருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மறுபடி செய்ய மாட்டீர்கள். செதுக்குப் படத்தில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மை ஒரே கறுப்புதான். கோட்டின் தடிமனும் நெருக்கமும்தான் வெளிச்சத்தையும் நிழலையும் காட்டுகின்றன. 300 டிபிஐயில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.085 மில்லிமீட்டர். வானத்துக் கோடு அதில் பாதி தடிமன் என்றால் பிக்சலில் பாதி மை, பாதி தாள். இரண்டையும் கலந்து ஸ்கேனர் சாம்பல் என்று எழுதிக்கொள்கிறது. பழுத்த தாளும் ஏறக்குறைய அதே சாம்பல். வெள்ளை முனையை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். தடித்த கோடு எதுவும் சாகாது, அதனால் திரையில் படம் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். ஏமாறுவதும் அதில்தான்.

இப்போது நான் செய்வது இது. செதுக்குப் படம் என்றால் 1200 டிபிஐ, கலர், 16 பிட். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் என்று கேட்பார்கள். கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரியும். பழுப்பும் துருப்பொட்டும் நீலச் சேனலில் கன்னங்கரேலென்று தெரியும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் காணாமல் போகும். கோடு மட்டும் அங்கேயும் கறுப்பாகவே நிற்கும். சிவப்புச் சேனலை மட்டும் தனியே எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கையால் வண்ணம் தீட்டிய படத்துக்கு இந்த வித்தை உதவாது.

மிச்சக் கறைக்கு லெவல்ஸ் பக்கம் போகாதீர்கள். லேயரை நகலெடுத்து, மேக்ஸிமம் ஃபில்டரால் கோடுகள் கரையும்வரை வெள்ளையை விரித்து, மேலே ஒரு பிளர் கொடுத்து, அந்த லேயரை, கீழே உள்ள படத்தை மேலே உள்ளதால் வகுக்கும் டிவைட் மோடில் வையுங்கள். மேலேறும் லேயரில் இருப்பது தாளும் கறையும் மட்டும். கணக்கில் கழிவதும் அதுதான். கோபுர வாசல் மாதிரி அடர்ந்த கறுப்பு உள்ள இடத்தில் கறுப்பையே கறை என்று எடுத்துக்கொண்டு வெளுத்துவிடும். அங்கே மாஸ்க் போட்டு மறையுங்கள்.

தூசி ஃபில்டரை மொத்தப் படத்துக்கும் போடவே கூடாது. தூசியைக் கையால், 100 சதவீதப் பெரிதாக்கலில், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். ஒரு படத்துக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். முதுகு வலிக்கும்.

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1795க்கும் 1808க்கும் நடுவில் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் பெரிய கோயிலும் உண்டு. அவை அக்வாடின்ட், கோட்டுக்குப் பதில் புள்ளியால் நிழல் காட்டும் அச்சு முறை. நிழல் முழுவதும் குங்கிலியப் பொடி விட்டுச் சென்ற ஒழுங்கில்லாத பொடிப் புள்ளி. அதன் மேல் தூசி ஃபில்டர் போட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கோயில் சோப்பில் செய்தது மாதிரி ஆகிவிட்டது.

எந்தத் துளை யார் போட்டது

மரக்கட்டைப் படத்தில் வெள்ளையாக உருண்டை ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்காதீர்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் ஓட்டை, அடுத்த தாளிலும் அதே இடத்தில் ஓட்டை என்றால் அது புத்தகப் புழுவின் வேலை, அடைக்கலாம். தாள் முழுசாக இருந்து மை மட்டும் விழவில்லை என்றால் புழு தின்றது தாளை இல்லை, கட்டையை. அச்சாகும்போதே அந்தப் படம் அப்படித்தான் இருந்தது. படத்தைக் குறுக்கே அறுக்கும் மெல்லிய வெள்ளைக் கோடும் அதே சாதிதான், கட்டையில் விழுந்த விரிசல். ஒரே கட்டையில் அடித்த இரண்டு பிரதிகள் கிடைத்தால் எது முந்தியது என்று சொல்வது அந்த விரிசலின் நீளம்தான்.

கோட்டின் ஓரம் கறுத்து நடு வெளிறியிருப்பதையும் புதியவர்கள் மை தீர்ந்தது என்று நினைத்து நிரப்புகிறார்கள். அழுத்தத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். லெட்டர்பிரஸ் ஓட்டிய பெரியவர் யாரிடமாவது காட்டினால் சிரிப்பார்.

வேல் இடது கையில் இருக்கிறதே

இருக்கட்டும். கட்டை செதுக்கியவர் முன்னால் இருந்த படத்தை அப்படியே மரத்தில் பார்த்து வெட்டியிருப்பார், அச்சில் இடம் வலமாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் பூஜை அறைக்கு ஆகாது என்று சொன்னதால் நானும் ஒருமுறை திருப்பிப் போட்டேன். மூலையில் கட்டை செதுக்கியவர் பொடியாக வெட்டியிருந்த தன் பெயர் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. வேல் சரியான கைக்கு வந்தது, வெட்டியவர் பெயர் போனது.

ஆர்ட் பேப்பர்

அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், காலண்டர் போடும் பளபளப்புத் தாளைத் தருவார்கள். இங்க்ஜெட்டுக்கு என்று வரும் காட்டன் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) என்று கேளுங்கள்.

புள்ளியைக் கோடு என்று நம்புவது

1900க்குப் பிந்திய புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் செதுக்குப் படம் இல்லை, அதைப் புள்ளிகளாக்கி அச்சிட்ட ஹாஃப்டோன் நகல். பூதக்கண்ணாடியில் புள்ளிகள் அணிவகுத்து நின்றால் மூடி வைத்துவிட்டு வேறு பிரதி தேடுங்கள். பெரிதாக்கினால் பட்டுப்புடவை மாதிரி அலையடிக்கும்.

ஏஐயிடம் பெரிதாக்கக் கொடுப்பது

துவாரபாலகர் கிரேக்கச் சிப்பாய் ஆவார். வேண்டாம். 15 சென்டிமீட்டர் படத்தை 1200இல் எடுத்திருந்தால் 300இல் அச்சிடும்போது 60 சென்டிமீட்டர் தானாகவே வரும், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

'ஒரிஜினல்' என்று எழுதுவது

நீங்கள் விற்பது மறுஅச்சு. பின்பக்கம் பென்சிலில் அப்படியே எழுதுங்கள், அச்சிட்ட வருஷத்தோடு. இந்தியாவில் வரைந்தவர் இறந்து 60 வருஷம் தாண்டினால் பதிப்புரிமை முடிந்தது. ஆனால் அருங்காட்சியகம் தந்த ஸ்கேனுக்கு அவர்கள் போடும் நிபந்தனை தனி, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஐப்பசியில் அவசர ஆர்டர்

டெல்டாவில் அடைமழை பிடித்தால் அப்பளமே நமத்துப் போகிறது, காட்டன் தாள் எந்த மூலை? ஓரம் அலையாகத் தூக்கிக்கொள்ளும், பிரிண்டரின் ஹெட் அதில் உரசிக் கறுப்புக் கீற்று இழுத்துவிடும். வேண்டிய தாளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை உறையிலேயே ஒட்டி வையுங்கள், ஏசி ஓடும் அறையில் அச்சிடுங்கள். அடித்த சூட்டோடு கண்ணாடிக்குள் அடைக்கவும் கூடாது. ஒரு தீபாவளிக்கு அப்படி அடைத்துக் கொடுத்தேன். பொங்கலுக்குள் கண்ணாடியின் உட்புறம் சாம்பிராணி போட்டது மாதிரி மூட்டம். மை முழுக்கக் காய்வதற்கு முன் விடும் ஆவி அது. மேலே வெற்றுத் தாள் விரித்து ஒரு நாள் வையுங்கள். மழைக்காலம் என்றால் மூன்று நாள்.

மயிலாடுதுறைத் தம்பியிடம் பென்டிரைவ் வேண்டாம், புத்தகத்தையே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார். அடுத்த வாரம் வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். 1200இல் போட்டு, சிவப்புச் சேனலை எடுத்துத் திரையில் நகர்த்திக்கொண்டே போனோம். கோட்டை மதிலுக்குப் பின்னால், கடலின் விளிம்பில், நாலைந்து மயிரிழைக் கோடுகளில் ஒரு பாய்மரக் கப்பல் நின்றது.

"இது எங்கேர்ந்துண்ணே வந்துச்சு?" என்றார்.