மத்தியதரைக் கடல் க்ரூஸ்: குடும்பத்தோடு கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடல் க்ரூஸுக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் பெரும்பாலும் கப்பலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. நீச்சல் குளம் எத்தனை, தண்ணீர்ச் சறுக்கு உண்டா, பால்கனி அறை என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் இந்தக் கடலில் கப்பல் என்பது முக்கால்வாசி இரவு தூங்குகிற இடம். ஏழு இரவுப் பயணத்தில் முழுக்கக் கடலிலேயே கழியும் நாள் பெரும்பாலும் ஒன்றுதான். சில பயணங்களில் அதுவும் இருக்காது. மற்ற நாட்களில் காலையில் ஒரு ஊரில் இறங்கி, மாலையில் கிளம்பிவிட வேண்டும். அதனால் மெனக்கெட்டுத் திட்டமிட வேண்டியது துறைமுகங்களைத்தான். அதை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான், ஐந்தாம் நாள் காலையில் பிள்ளைகள் எழுந்திருக்க மறுக்கும்போது திணறுகிறார்கள்.

விளம்பரத்தில் இருக்கும் ஊரும் கப்பல் நிற்கும் ஊரும்

பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ சிவிதவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். 'புளோரன்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் லிவோர்னோ. அது 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'வெனிஸ்' விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டிப் போகத் தடை இருக்கிறது. அதன் பிறகு பல கப்பல்கள் ராவென்னாவிலிருந்தோ திரியெஸ்தேயிலிருந்தோதான் கிளம்புகின்றன. இரண்டுமே வெனிஸிலிருந்து சாலை வழியாக 150 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. விமானத்தை வெனிஸுக்குப் போட்டுவிட்டு, கப்பல் ராவென்னாவில் நிற்பதைக் கடைசி வாரத்தில் கவனித்தால், கைக்குழந்தையும் ஆறு பெட்டியுமாக ரயில் மாறி மாறிப் போக வேண்டியதுதான்.

முன்பதிவுக்கு முன்னால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ரோம் நாளையே எடுத்துக்கொள்வோம். கப்பல் காலை 7 மணிக்கு நிற்கிறது, மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்றால் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இறங்க அனுமதி கிடைத்து, துறைமுகப் பேருந்தில் வெளியே வந்து, ரயில் நிலையம் சேரவே எட்டரை ஆகிவிடும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். திரும்பும்போதும் அதே நேரம் பிடிக்கும். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ரயில் தாமதம், இத்தாலியில் அடிக்கடி வரும் வேலைநிறுத்தம் இவற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் ரோமில் கிடைப்பது ஐந்து மணி நேரம். அதில் வத்திக்கானும் கொலோசியமும் ட்ரெவி நீரூற்றும் என்று பட்டியல் போட்டால் பிள்ளைகளுக்கு நினைவிருக்கப்போவது வரிசையில் நின்றது மட்டும்தான். ஒன்றை எடுங்கள். வத்திக்கான் பக்கம் என்றால் ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பேராலயம் நடக்கிற தூரம்தான். தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

கிழமையையும் பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புளோரன்ஸில் உஃபிட்ஸி ஓவிய அருங்காட்சியகமும், மிக்கெலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. கப்பல் திங்களன்று லிவோர்னோவில் நின்றால் புளோரன்ஸ் வரை ஓடுவதற்கான பெரிய காரணமே போய்விடுகிறது. அன்றைக்குப் பக்கத்தில் இருக்கும் பைசா நகரம் போதும். அங்கேயும் ஒரு விஷயம்: சாய்ந்த கோபுரத்தில் எட்டு வயது நிரம்பாத குழந்தைகளை ஏற விடமாட்டார்கள். அண்ணன் ஏறி, தங்கை கீழே நின்று அழுகிற நிலைமை வர வேண்டாம் என்றால் வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

இடங்களுக்கான டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் பெரிய தவறு. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயம், ரோமின் கொலோசியம், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மூன்றும் நேரம் குறித்த டிக்கெட்டில்தான் இயங்குகின்றன. கப்பல் நிற்கிற நேரத்துக்குப் பொருந்தும் டிக்கெட்டுகள்தான் முதலில் தீரும், ஏனென்றால் அன்று அங்கே நிற்கும் எல்லாக் கப்பல் பயணிகளுக்கும் அதே நேரம்தான் வேண்டும்.

எல்லா ஊரிலும் கப்பல் சுற்றுலா, அல்லது எங்கேயும் வேண்டாம்

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாக்கள் விலை கூடுதல். அதனால் சிலர் அதை மொத்தமாக ஒதுக்குகிறார்கள், சிலர் பயந்துபோய் எல்லா ஊருக்கும் அதையே வாங்குகிறார்கள். என் கணக்கு எளிது: துறைமுகத்திலிருந்து ஊர் தூரமாக இருந்தால் கப்பல் சுற்றுலா, பக்கத்தில் இருந்தால் சொந்தமாக. கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். அந்தக் காப்புக்குத்தான் கூடுதல் பணம். ரோமுக்கும் புளோரன்ஸுக்கும், முதல் முறை போகிற குடும்பத்துக்கு அது நியாயமான விலை.

நேப்பிள்ஸில் அப்படியில்லை. கப்பல் ஊரின் மடியிலேயே நிற்கிறது, இறங்கியதும் கோட்டை, கடைத்தெரு, பீட்ஸா எல்லாம் நடக்கிற தூரம். எரிமலையில் புதைந்த பழைய நகரமான பொம்பெய் போக வேண்டுமானால் கரிபால்தி நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் பொம்பெயில் நிழல் குறைவு, தெருக்கள் முழுக்கப் பெரிய கருங்கற்கள். குழந்தை வண்டி தள்ளுவது படாத பாடு, தோளில் மாட்டும் பைதான் உதவும். மால்டாவின் வல்லெட்டாவில் கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே கோட்டை உயரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு அது வரம். ஏதென்ஸுக்குக் கப்பல் பிரேயஸில் நிற்கும். 2022 முதல் அங்கிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ பாதை ஓடுகிறது, நகர மையமும் அதே வழியில்தான். அக்ரோபோலிஸ் மேலே தேய்ந்த பளிங்கு வழுக்கும். எல்லோருக்கும் பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

தினமும் இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இவ்வளவு காசு கட்டியிருக்கிறோமே' என்று பிள்ளைகளை ஏழு நாளும் ஆறு மணிக்கு எழுப்பும் குடும்பங்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. நடுவில் ஒரு துறைமுக நாளைக் கப்பலிலேயே கழியுங்கள். எல்லோரும் இறங்கிப் போயிருப்பார்கள், நீச்சல் குளம் காலியாக இருக்கும், சறுக்கில் வரிசை இருக்காது. மார்செய்போல, கப்பல் ஊர் மையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் துறைமுகத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

விசாவில் நடக்கும் தவறுகள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் மூன்று இடத்தில் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, எந்த நாட்டுத் தூதரகம் என்பது. கப்பல் பார்சிலோனாவில் கிளம்புகிறது என்பதற்காக ஸ்பெயினுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அங்கேதான் விண்ணப்பம். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், பலெர்மோ என்று சுற்றும் பயணத்தில் அது இத்தாலி. நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

இரண்டாவது, எத்தனை முறை நுழைய அனுமதி என்பது. கப்பல் நடுவில் துருக்கியின் குஷாதசிக்கோ மாண்டினீக்ரோவின் கோட்டோருக்கோ போனால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். ஒரு முறை விசா போதாது, பல முறை நுழையும் விசா கேட்க வேண்டும். குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் துப்ரோவ்னிக் பற்றிக் கவலை வேண்டாம். துருக்கிக்குத் தனி விதி உண்டு. அங்கே இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் விசா கேட்பார்களா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னது ஏறும் இடத்தில் செல்லாது.

மூன்றாவதுதான் பணத்தைக் கரைப்பது. க்ரூஸின் முழுப் பணத்தையும் வழக்கமாகப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது கொஞ்சம்தான். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே கடைசித் தவணை கட்டும் தேதிக்குள் விசா கையில் இருக்கும்படி பாருங்கள். கோடைக்கு முன்னால் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். குழந்தை அப்பாவோடு மட்டும் அல்லது அம்மாவோடு மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

மாதமும் காற்றும்

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவது இந்தப் பயணத்துக்கு நல்ல அதிர்ஷ்டம். ஐரோப்பியப் பிள்ளைகளின் விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். கட்டணமும் கூட்டமும் அப்போதுதான் உச்சம். வெயிலும் அப்படித்தான். 2023 ஜூலையில் அனல் தாங்காமல் அக்ரோபோலிஸை நண்பகலில் மூடினார்கள். மே மாதம் நடப்பதற்குச் சுகமாக இருக்கும். ஒன்றே ஒன்று, கடல் நீர் அப்போது நன்றாகவே குளிரும். கடற்கரையில் குளிப்பதுதான் பிள்ளைகளின் கனவு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்கள் மெல்தெமி என்ற வடக்குக் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாந்தோரினியில் கப்பல் கரையைத் தொடாது, நடுவில் நிற்கும், சின்னப் படகில்தான் போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். கப்பல்தலைவரின் முடிவுதான், வாதாட முடியாது. சாந்தோரினிக்காக மட்டும் க்ரூஸ் எடுக்கிறவர்கள், தனியாகப் பறந்து போய் அந்தத் தீவில் இரண்டு நாள் தங்குவது மேல் என்பேன். கப்பலில் போகிறீர்கள் என்றால் மாலைத் திரும்பலைக் கவனியுங்கள். ஃபிரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்குக் கேபிள் காரில் இறங்க வேண்டும்; இரண்டு மூன்று கப்பல்கள் நிற்கும் நாளில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். இன்னொரு வழி 600-க்குக் கொஞ்சம் குறைவான படிக்கட்டு. கழுதைகள் போகும் வழியும் அதுதான், சாணி வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அந்த வழியில் இறக்காதீர்கள்.

அறையும் சாப்பாடும்

நாலு பேருக்கு ஒரே அறை என்றால் மூன்றாவது, நாலாவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் பெர்த். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பாட்டிக்கு ஆகாது. நடுக்கதவு உள்ள இரண்டு அறைகள் கிடைத்தால் நல்லது. நாலு பேர் அறையும் நடுக்கதவு அறைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'எந்த அறையானாலும் சரி' என்ற மலிவுக் கட்டணத்தில் இரண்டு அறை எடுத்தால், அவை வேறு வேறு தளத்தில் அமையக்கூடும். குமட்டல் வருகிறவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம் நல்லது.

கைக்குழந்தை என்றால் வயது வரம்பைப் பாருங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதம் ஆகாத குழந்தையை ஏற்றுவதில்லை. குழந்தைகள் கிளப்பில் வழக்கமாக மூன்று வயதுக்கு மேல், டயப்பர் பழக்கம் விட்டவர்களைத்தான் தனியாக விடலாம். டயப்பர் போட்ட குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் பெரும்பாலும் இறங்க விடமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் இரவு உணவகத் தலைமைப் பணியாளரைப் பார்த்து நேரிலும் சொல்ல வேண்டும். பெரிய கப்பல்களின் சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் இந்தியர்கள் நிறையப் பேர் உண்டு. மறுநாள் பருப்பும் சாதமும் வருமா என்று தயங்காமல் கேளுங்கள், பல நேரம் வரும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, நேரம்

கட்டணத்தைத் தவிர ஒவ்வொருவர் தலைக்கும் தினசரி சேவைக் கட்டணம், பானங்கள், வைஃபை எல்லாம் அறைக் கணக்கில் ஏறும். பயணத்துக்கு முன்பே கூட்டிப் பார்த்துவிடுங்கள். கடலில் கப்பலின் சொந்த செல்போன் வலையமைப்பு தானாக இணைந்து பெரிய பில்லைக் கொண்டுவரும். பிள்ளைகளின் போன் உட்பட எல்லாவற்றையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் ரோமிங் சலுகை துருக்கிக்கும் மாண்டினீக்ரோவுக்கும் பொருந்துமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். கிரேக்கம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. போன் நேரம் மாறிவிடும், கப்பல் நேரம் மாறியிருக்கிறதா என்பதைக் கப்பலில் தினமும் தரும் அறிவிப்புத் தாளில் பார்த்து, ஏற வேண்டிய கடைசி நேரத்தை ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) எண்ணும் பெரும்பாலும் இருக்கும், இறங்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

விமானத்தைக் கப்பல் கிளம்பும் நாளிலேயே போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான சிக்கனம். சென்னையிலிருந்து போகிறவர்கள் வழியில் எங்காவது விமானம் மாறியாக வேண்டும். அங்கே ஒரு தாமதம் வந்தால் கப்பல் போய்விடும். ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். திரும்பும் நாளில் கப்பல் காலை ஆறு, ஏழு மணிக்கு நின்றாலும் இறங்க ஒன்பது ஆகலாம். சிவிதவெக்கியாவிலிருந்து ஃபியுமிச்சினோ விமான நிலையம் இன்னும் ஒரு மணி நேரப் பயணம், அதனால் மதியம் ஒரு மணிக்குப் பிறகுள்ள விமானமாகப் பாருங்கள். முந்தின இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டும், பெரியவர்களின் மாத்திரையும், மறுநாள் பிள்ளைகள் போட வேண்டிய துணியும் அதற்குள் போய்விடாமல் கைப்பையில் இருக்கட்டும்.