அல்பராத்தீனைச் சுவர் சுவராகப் பார்ப்பது எப்படி?

வரைபடத்தில் 'அல்பராசின்' என்று தேடுங்கள்; ஊர்க்காரர்கள் வாயில் அது அல்பராத்தீன். ஸ்பெயினின் அரகோன் பகுதியில், டெருவேல் நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். பஸ் மிகக் குறைவு என்பதால் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். கோடையிலும் இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும்.

வந்ததும் மேலே ஏறிவிடாதீர்கள். முதலில் குவாதலவியார் ஆற்றங்கரைப் பாதையில் நடங்கள். ஆறு பாறையை வளைத்துக்கொண்டு ஓடுவதைக் கீழிருந்து பார்த்தால்தான், பனூ ராசின் என்ற, வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெர்பர் குலத்தார் இந்த இடத்தைப் பிடித்ததன் காரணம் விளங்கும். ஊரின் பெயரே அவர்களுடையது. பள்ளத்தாக்கு காக்கிறது, மலைப்பக்கத்துக்கு மட்டும்தான் நீண்ட மதில் தேவைப்பட்டது.

பிறகு தெருக்கள். நான் இருபது ஆண்டுகளாக வீடு கட்டுகிறவள். எங்கே போனாலும் என் கண் சுவருக்குத்தான் போகும். இங்கே சுவர்களெல்லாம் இளஞ்சிவப்பு. அது வண்ணப்பூச்சு அன்று, இந்த மண்ணில் கிடைக்கும் ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுட்டுப் பொடித்துப் பூசிய சாந்து. அதிலுள்ள இரும்புச் சத்து தந்த நிறம். சுண்ணாம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் இதைச் சுட்டுவிடலாம், விறகு மிச்சம். ஆனால் ஜிப்சத்துக்கு ஈரம் ஆகாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை அடியிலிருந்து நுனிவரை பாருங்கள்: கீழே கல், மேலே மரச்சட்டமும் ஜிப்சமும், உச்சியில் நன்றாக நீண்ட இறவாரம். மாடிக்கு மாடி சுவர் தெருப்பக்கம் நீள்வதால், சில சந்துகளில் எதிரெதிர் இறவாரங்கள் முட்டிக்கொள்ளும் போலிருக்கும். மொலினா வாசலருகே இரண்டு தெருக்கள் பிரியும் முனையில் ஹூலியானெத்தா வீடு. ஒரு கோடுகூட நேராக இல்லை, ஆனாலும் நிற்கிறது. அங்கே நான் ஒரு மணி நேரம் இருந்தேன். நீங்கள் அரை மணியாவது இருங்கள்.

1961-இல் இந்த ஊர் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழுதுபார்க்கும்போதும் இதே சிவப்பு ஜிப்சத்தைப் பூசுகிறார்கள் என்பது எனக்கு மனநிறைவு தந்தது. கதவுகளைத் தட்டும் இரும்புப் பிடிகளில் பல்லி உருவங்களைத் தேடுங்கள்.

மதிலுக்கு மாலையில் ஏறுங்கள். அந்தாதோர் கோபுரத்தடியில் நின்றால் கூரைகள் முழுவதும் தெரியும். வெயில் சாயச் சாயச் சுவர்களின் சிவப்பு கூடும்; நண்பகலில் அதே சுவர்கள் வெளிறிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வழி சரளைக் கல், செருப்பு உதவாது. இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

மறுநாள் காலை, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோதேனோ பைன் காட்டுக்குப் போங்கள். அங்கே சிவந்த மணற்பாறையில், வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் வெள்ளை நிறத்தில் தீட்டிய எருதுகள் இருக்கின்றன. முதல் பார்வையில் வெறும் பாறைதான் தெரியும். கொஞ்ச நேரம் நின்றால், ஒவ்வோர் எருதாகத் துலங்கும்.